மீன் திரும்பி வரும் ஊர்

பிரயாணம் புறப்படுகிறவர்கள் வானம் வெளித்திருக்கும் நாளையே பெரிதும் விரும்புவர். மழை தூறத் தொடங்கினால் போன காரியம் கெட்டது என்று முகம் சுளிப்பர். இவ்வாரம் நாம் பார்க்கப் போகும் ஊரிலே இந்த மனப்பான்மை ஒரு நாளும் செல்லாது. மழை என்று வேலையை நிறுத்துவதானால் அவ்வூரில் எந்த வேலையும் நடவாது. பிள்ளைகள் மழையிலே பள்ளிக்கூடம் போகின்றனர். மீனவர் மழையிலே படகு விடுகின்றனர். குடை பிடிப்பவரைக் கண்டால், இவர் வெளியூரார் என்று ஊரார் அறிந்துகொள்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், கனடாவின் எல்லைக்கு அணித்தாக, ரெவியாகிகேடோ என்னும் பெரிய தீவு இருக்கின்றது. அத்தீவின் கரையில், ஒடுங்கிய நீரிணை ஒன்றைப் பார்த்தபடி அமைந்த மீன்பிடி நகரே கெச்சிக்கன். சுமார் 8,000 மக்கள் அங்கே வாழ்கின்றனர். வெளியூரிலிருந்து அந்நகருக்குத் தெருவழி கிடையாது. கப்பலில் வரவேண்டும், அன்றேல் விமானத்தில் வரவேண்டும். விமான நிலையமோ நீரிணைக்கு அப்பால் வேறொரு தீவில் உள்ளது. ஆகையால், ஆகாய மார்க்கமாக வந்தவரும் ஓடத்தில் ஏறித்தான் ஊருக்குள் கால் வைக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 50 அங்குல மழை பெய்கின்றது. கெச்சிக்கனில் சராசரி 140 அங்குலத்துக்கும் மேல். 1949ஆம் ஆண்டில் அது 200 அங்குலத்தையும் கடந்தது. அந்தக் கணக்கைப் பெரிய அளவுகோல் போலச் செய்து நகரின் நடுவே நிறுத்தியிருக்கின்றனர். பசுபிக் சமுத்திரத்தின் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலெழுகின்றது, எழும்போது குளிர்கின்றது, குளிர்ந்ததும் மழையாகக் கொட்டிவிடுகின்றது. ஊருக்குப் பின்னால் சுமார் 3,000 அடி உயரமான மலை ஒன்று நிற்கின்றது. அதன் உச்சி தெரியாவிட்டால் மழை பெய்கின்றது என்று பொருள். தெரிந்தால் மழை வரப்போகின்றது என்று பொருள். இஃது ஊரார் சொல்லும் வேடிக்கை. மழைக்கு அவர்கள் சூட்டிய செல்லப்பெயர் 'திரவ வெயில்' என்பது.

ஆயினும் மழை எப்பொழுதும் வேடிக்கையாய் இருப்பதில்லை. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ஊரின் மேலுள்ள சரிவொன்று இடிந்து வீடுகளின் மீது வீழ்ந்தது. ஓர் உயிர் போயிற்று, சிலர் காயமுற்றனர். மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்குண்டு வாழும் ஊருக்கு அந்த அச்சம் என்றும் உண்டு.

சமதரை குறைவாகையால் வீடுகள் மலைச்சரிவிலே ஒன்றன்மேல் ஒன்றாய்த் தொற்றி நிற்கின்றன. சில தெருக்கள் உண்மையில் தெருக்கள் அல்ல, நீண்ட மரப்படிக்கட்டுகள். தபாற்காரர் படியேறித்தான் கடிதம் கொடுக்கவேண்டும். கரையோரக் கட்டடங்கள் பல நீருக்குள் நட்ட மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. நகரின் நுழைவாயிலில் தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு உண்டு. 'உலகின் சால்மன் தலைநகர்' என்று அதிலே எழுதி வைத்திருக்கின்றனர்.

இந்தப் பெருமைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நகரின் நடுவே ஓர் ஆறு பாய்ந்து கடலில் விழுகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் அதன் பாலத்தின் மீது நின்று கீழே நோக்கினால், ஆற்றின் அடி கறுத்துத் தோன்றும். அந்தக் கருமை அசையும். உற்று நோக்கினால் ஆயிரக்கணக்கான மீன்கள், தலைகளை எல்லாம் நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பியபடி, நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது தெரியும். பாறையில் நீர் வேகமாய் விழும் இடத்தில் அவை துள்ளுகின்றன, தூக்கி எறியப்படுகின்றன, மீண்டும் துள்ளுகின்றன. ஏற இயலாத மீன்களுக்காக ஓரத்தில் படிபடியாகத் தொட்டிகள் கட்டி விட்டிருக்கின்றனர்.

இந்த மீன்கள் எங்கிருந்து வருகின்றன? எதற்காக இப்பாடு படுகின்றன? மாணவர்கள் இதனைக் கவனமாய்ப் படித்தல் நன்று.

சால்மன் பிறப்பது ஆற்றில். தாய்மீன் வாலினாற் சரளைக்கற்களைக் கிளறிக் குழி செய்து அதிலே முட்டையிட்டு மூடுகின்றது. குளிர்காலம் முழுவதும் முட்டைகள் கல்லின் இடுக்கிலே கிடக்கின்றன. பொரித்த குஞ்சு, தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையையே சில காலம் உணவாகக் கொள்கின்றது. பின்னர் கல்லிடுக்கை விட்டு மேலே வருகின்றது. சில இனங்கள் உடனே கடலை நாடுகின்றன. சில ஓராண்டோ அதற்கு மேலோ ஆற்றிலே தங்குகின்றன. நன்னீரில் வாழ்ந்த உடம்பு உப்புநீருக்கு ஏற்றதாய் மாறுகின்றது. அதன் பின் பெருங்கடலில் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான மைல் திரிந்து வளர்கின்றது.

பருவம் வந்ததும் பிறந்த ஆற்றையே தேடித் திரும்புகின்றது. பரந்த கடலில் வழி காண்பதற்குப் பூமியின் காந்த மண்டலம் துணைசெய்கின்றது என்றும், கரையை அணுகியபின் பிறந்த ஆற்றின் மணமே வழிகாட்டுகின்றது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கல்லும் மண்ணும் இலையும் சேர்ந்து ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு மணத்தைக் கொடுக்கின்றன. குஞ்சாய் இருந்தபோது நுகர்ந்த அந்த மணத்தை மீன் மறப்பதில்லை.

ஆற்றில் நுழைந்தபின் அது உணவு கொள்வதில்லை. உடம்பிற் சேர்த்த கொழுப்பையே எரித்து மேலேறுகின்றது. வெள்ளி நிறம் மங்குகின்றது. ஆண்மீனின் தாடை கொக்கிபோல் வளைகின்றது. ஓர் இனத்தின் முதுகு கூனுகின்றது. முட்டையிட்டு முடிந்த சில நாட்களில் ஆணும் பெண்ணும் இறந்துவிடுகின்றன. தன் குஞ்சின் முகத்தை ஒரு சால்மனும் கண்டதில்லை.

அலாஸ்காச் சிறுவர்கள் ஐந்து வகைச் சால்மனையும் ஐந்து விரல்களில் எண்ணிப் பழகுகின்றனர். பெருவிரலுக்கு ஆங்கிலத்தில் 'தம்'. ஆகவே, அது 'சம்' என்னும் இனம். சுட்டுவிரல் கண்ணைக் குத்த வல்லது. 'ஐ' என்பது கண். ஆகவே, அது 'சொக்கை'. எல்லாவற்றிலும் நீண்ட நடுவிரல் அரச சால்மன். மோதிரவிரல் வெள்ளிச் சால்மன். 'பிங்கி' எனப்படும் சின்னவிரல் 'பிங்க்', அதாவது இளஞ்சிவப்புச் சால்மன். கடைசியிற் சொன்னதுதான் உருவத்திற் சிறியது; தொகையில் மிகுந்தது; சரியாக இரண்டாண்டில் தன் வாழ்வை முடிப்பது.

இனி, அந்த ஆற்றங்கரையின் பழைய உரிமைக்காரரைப் பார்ப்போம். கிளிங்கிட் என்னும் ஆதிக்குடிகள் அவர்கள். நம் கரையோர மீனவர் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து வாடி அமைப்பது போல, அவர்களும் கோடைகாலத்தில் அவ்வாற்றின் முகத்துவாரத்தில் வாடி அமைத்து மீன் பிடித்தனர். புகையில் உலர்த்தி, மாரிகாலத்துக்குச் சேமித்தனர். இன்ன ஆறு இன்ன குலத்தாருக்கு என்ற உரிமை அவர்களிடையே திட்டமாய் இருந்தது. குலம் தாய்வழியில் வருவது. தங்கள் குலத்தின் வரலாற்றைச் செந்தேவதாரு மரத்தில் செதுக்கி நெடுந்தூண்களாய் நிறுத்தினர். அவற்றைத் தெய்வச் சிலைகள் என்று வந்தவர் பலர் பிழையாய் எண்ணினர். அவை வணங்குவதற்கானவை அல்ல, வாசிப்பதற்கானவை. கைவிடப்பட்ட கிராமங்களிலிருந்து மீட்ட பழந்தூண்களைக் காக்கும் அரும்பொருட்சாலை ஒன்று 1976ஆம் ஆண்டு முதல் கெச்சிக்கனில் இருக்கின்றது. ஊருக்கு வெளியே சாக்ஸ்மன் என்னும் கிராமத்திலும் தூண்கள் நிற்கும் சோலை உண்டு.

சால்மன்கள் கடலுக்கடியில் வீடுகட்டி வாழும் மாந்தர் என்பது வடமேற்குக் கரையின் பழங்குடிகள் பலருடைய நம்பிக்கை. மனிதர் பசியாறுவதற்காக அவை மீனுருக் கொண்டு வருகின்றனவாம். ஆகவே, உண்டபின் எலும்புகளை மரியாதையோடு நீரிலே திருப்பி விடுதல் வழக்கம். எலும்பு திரும்பிச் சென்றால்தான் மீன் திரும்பி வரும். எடுப்பவன் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதை இதைவிட எளிதாய் எப்படிச் சொல்வது?

1867ஆம் ஆண்டில் அமெரிக்கா 72 இலட்சம் டொலருக்கு அலாஸ்காவை உருசியாவிடம் வாங்கியது. விற்றவரும் வாங்கியவரும் அங்கே வாழ்ந்தவரைக் கேட்கவில்லை. இருபது ஆண்டு கழியுமுன் சால்மனைத் தகரப்பேணிகளில் அடைக்கும் தொழிற்சாலைகள் அக்கரைக்கு வந்துவிட்டன. கெச்சிக்கன் 1900ஆம் ஆண்டில் நகராயிற்று. 1936ஆம் ஆண்டில் அங்கே ஏழு தொழிற்சாலைகள் 15 இலட்சம் பெட்டி மீனை அடைத்தன. ஒரு பெட்டிக்கு ஓர் இறாத்தல் பேணிகள் 48. பெருக்கிப் பார்த்தால் 7 கோடி 20 இலட்சம் பேணிகள்!

இலங்கையில் நாம் கடையிலே 'செமன்' என்று கேட்டு வாங்கும் டின் மீனின் பெயர், சால்மன் என்பதன் திரிபேயாகும். அந்தப் பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன்; பெயர் மாத்திரம் அந்த வடகடல் மீனுடையது. பேணிச் சால்மன் உலகெங்கும் சென்றதால் இவ்வாறு ஒரு பெயர் நம் சமையலறையிலும் தங்கிவிட்டது.

மீனை வெட்டி, கழுவி, பேணியில் அடைத்த கைகள் யாருடையவை? தொடக்கத்திற் சீனத் தொழிலாளர். பின்னர் யப்பானியரும் பிலிப்பைன்ஸ் தீவினரும். அவர்களோடு ஆதிக்குடிப் பெண்கள். கோடையில் மீன் வரும் சில கிழமைகளில் இரவுபகலாய் உழைத்தனர். கெச்சிக்கனில் நிலையாய்க் குடியேறிக் கடை வைத்து வாழ்ந்த யப்பானியக் குடும்பங்களை, 1942ஆம் ஆண்டில் யுத்தத்தைக் காரணங்காட்டித் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோயினர். பிலிப்பைன்ஸ் தீவினரின் சந்ததியார் இன்றும் அவ்வூர்ப் பிரசைகளாய் வாழ்கின்றனர்.

தொழிற்சாலைகளின் பெரும்பசிக்குத் தூண்டிலும் சிறுவலையும் போதவில்லை. மீன்கூடுகள் வந்தன. யாழ்ப்பாணக் கடலேரியிற் களங்கட்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு விளங்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட வேலி, மோதும் மீன் வேலியோரமாய்த் திரும்பும், திரும்பியது படிப்படியாக ஒடுங்கும் அறைகளுக்குட் புகும், புகுந்தது வெளியேறாது. ஆனால், அலாஸ்காவின் கூடு பெருமரங்களாலும் கம்பிவலையாலும் ஆனது. ஒரு காவலாளி குடிசை கட்டி அதன்மேல் இருந்தால் போதும். மீன் தானே வந்து நிறையும். 1949ஆம் ஆண்டில் பீற்றர்ஸ்பேர்க் என்னும் ஊருக்கருகே இத்தகைய கூடொன்றில் 126 இறாத்தல் நிறையுள்ள அரச சால்மன் அகப்பட்டது. அவ்வளவு பெரிய சால்மன் வேறு பதிவாகவில்லை.

கூடுகளின் உடைமையாளர் பெரும்பாலும் சியாட்டிலிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் இருந்த கம்பெனிக்காரர். இலாபம் கப்பலேறித் தெற்கே போயிற்று. படகு வைத்திருந்த உள்ளூர் மீனவன் வெறுவலையோடு கரை திரும்பினான். இரவில் காவலாளிக்குக் கைக்கூலி கொடுத்துக் கூட்டிலுள்ள மீனைக் களவாடுவோரும் தோன்றினர். ஊரார் பலர் அதனைக் களவென்று எண்ணவில்லை. அக்காலத்தில் அலாஸ்கா ஒரு மாநிலம் அன்று. வாஷிங்டனின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம். சனாதிபதித் தேர்தலில் அதன் மக்களுக்கு வாக்கில்லை. காங்கிரசில் வாக்களிக்கும் பிரதிநிதியும் இல்லை. 1948ஆம் ஆண்டில் நடந்த கருத்தறி வாக்கெடுப்பில் கூடுகள் வேண்டாம் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். வாஷிங்டன் கேட்கவில்லை.

1936ஆம் ஆண்டில் அலாஸ்கா முழுவதிலும் 12 கோடிக்கு மேற்பட்ட சால்மன் பிடிபட்டன. அதன் பின் ஆண்டுக்காண்டு வீழ்ச்சி. 1953ஆம் ஆண்டில், மீன் இன்மையால் அலாஸ்காவின் மீன்பிடி ஊர்கள் பேரிடருக்குள்ளாயின என்று சனாதிபதி ஐசனோவர் பிரகடனம் செய்யவேண்டியதாயிற்று. 1959ஆம் ஆண்டில் பிடிபட்டவை ஏறக்குறைய 2½ கோடியே.

மாநிலமாகும் உரிமையை நாடி அலாஸ்கா மக்கள் தமக்கென்று அரசியலமைப்பு ஒன்றை எழுதினர். 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனை வாக்குக்கு விட்டபோது, மீன்கூடுகளை ஒழிக்கும் விதி ஒன்றையும் தனியே சேர்த்து வாக்குக் கேட்டனர். இரண்டும் நிறைவேறின. மீனும் காடும் குறையாமல் நிலைத்துப் பயன்தரும் முறையிலேயே கையாளப்படவேண்டும் என்று அந்த அரசியலமைப்பு விதிக்கின்றது. 1959 சனவரி 3ஆம் திகதி அலாஸ்கா மாநிலமாயிற்று. கூடுகளின் காலமும் முடிந்தது.

அதன் பின் கையாண்ட முறையின் சாரம் ஒன்றே: முதலில் ஆற்றுக்கு, பிறகுதான் வலைக்கு. ஒவ்வோர் ஆற்றிலும் முட்டையிடுவதற்கு எத்தனை மீன் மேலேறவேண்டும் என்று கணிக்கின்றனர். சிறு விமானங்களிற் பறந்தும், ஆற்றோரத்தில் நின்றும் மீனை எண்ணுகின்றனர். போதிய மீன் ஏறாவிட்டால் மீன்பிடியை அன்றே நிறுத்திவிடுகின்றனர். கடன்பட்டு வலை வாங்கிய மீனவன், கண்ணெதிரே மீன் துள்ளும்போது, படகைக் கட்டிவைத்துக் காத்திருக்கவேண்டும். இது சொல்ல எளிது. பிள்ளைகுட்டிக்காரனுக்குச் செய்ய எளிதன்று.

பலனும் உடனே கிட்டவில்லை. 1970களின் தொடக்கத்திலே மீன் முன்னிலும் குறைந்தது. 1973ஆம் ஆண்டில் மீன்பிடி அனுமதிகளின் தொகைக்கு எல்லை வகுத்தனர். குஞ்சு பொரிப்பகங்கள் அமைத்தனர். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் கடலின் தட்பவெப்பமும் சால்மனுக்குச் சாதகமாய் மாறியது. மெல்ல மெல்ல மீன் திரும்பிற்று. 2013ஆம் ஆண்டில் அலாஸ்காவிற் பிடிபட்டவை 27 கோடிக்கும் அதிகம். கடல் உதவியது உண்மை. ஆயினும் ஆற்றிலே தாய்மீன் மிஞ்சியிருந்தபடியால்தான் கடலின் உதவி பயன்பட்டது.

காட்டையும் மறத்தலாகாது. ஊரைச் சூழ்ந்த தொங்காஸ் வனம் அமெரிக்காவின் தேசிய வனங்களில் மிகப் பெரியது. சுமார் 170 இலட்சம் ஏக்கர். 1954 முதல் 1997 வரை கெச்சிக்கனில் மரக்கூழ் ஆலை ஒன்று இயங்கிற்று. அது மூடப்பட்டபோது பலருக்கு வேலை போயிற்று. ஆற்றோர மரங்கள் நிழல் தந்து நீரைக் குளிர்விக்கின்றன. வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. மறுபுறத்தில், கரடியும் கழுகும் மீனைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று தின்று எச்சத்தை விடுகின்றன. கடலிலிருந்து வந்த நைதரசன் அம்மரங்களின் உடம்பிலே சேர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியுள்ளனர். காடு மீனை வளர்க்கின்றது. மீன் காட்டை வளர்க்கின்றது.

இன்று ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் கப்பல்களில் அங்கே வந்திறங்குகின்றனர். காலையில் வந்து, கடைகளைப் பார்த்து, மாலையிற் போய்விடுகின்றனர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் கப்பல்கள் வராதபோது, கடைத்தெரு வெறிச்சோடியது. ஆற்றில் மீன் வழக்கம்போல் ஏறியது.

ஊரின் கவலைகள் தீர்ந்துவிடவில்லை. அலாஸ்காவின் பல ஆறுகளில் அரச சால்மன் குறைந்து வருகின்றது, உருவமும் சிறுக்கின்றது. நோர்வேயிலும் சிலியிலும் கூண்டுகளில் வளர்க்கும் சால்மன் சந்தைக்கு வந்தபடியால் விலையும் ஆட்டங்கண்டது. அத்தகைய மீன் வளர்ப்பை அலாஸ்கா 1990ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்தது. கூண்டு மீனுக்கு ஆறு வேண்டியதில்லை, காடும் வேண்டியதில்லை. ஆறும் காடும் வேண்டாத மீனால் வயிறு நிறையலாம். ஆனால், அவற்றைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் நாளடைவில் மறைந்துபோகும்.

அங்கு செல்லும் வாய்ப்பு வாய்ப்பவர்கள் யூலையின் பிற்பகுதியிலோ ஆகஸ்ட் மாதத்திலோ செல்வது நன்று. நல்ல மழைச்சட்டை எடுத்துச் செல்லுங்கள். கப்பல் புறப்படும் மணி ஒலிக்குமுன் அரைமணி நேரமாவது அந்தப் பாலத்தின் மீது நில்லுங்கள். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது அதிகமில்லை: கீழே போகும் இம்மீன்களைப் பிடிக்க இவ்வூராரால் முடியும், பிடிக்காமல் விட்டபடியால்தான் இவ்வூர் இருக்கின்றது.